முந்தானைப் பக்கத்தில் போட்ட குழாய்

சிறுநீரகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற டாக்டர்களிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான காரியம். எல்லோரும் காப்பாற்றிய கதைகளையே எழுதித் தருவோம். நானும் அப்படி மூன்று கதைகள் எழுதினேன். மூன்றிலும் நான் கடைசி நேரத்தில் வந்து நிற்கிறேன், எல்லாம் சரியாகிவிடுகிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே எரிச்சலாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நான் கெடுத்த ஒரு கதையை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கழுத்தின் வலப்பக்கச் சிரை நல்ல பிள்ளை. நேராக இறங்கி, இதயத்துக்குப் போகும் பெரிய நாளத்தில் சேர்ந்துவிடும். மின்தூக்கியில் ஏறிக் கீழ்த்தளத்துக்குப் பொத்தானை அழுத்துவது போல. இடப்பக்கம் அப்படியல்ல. பெரும்பாலும் அது கொஞ்சம் ஒல்லி. கீழே இறங்கி, மார்பெலும்புக்குப் பின்னால் இடமிருந்து வலமாகக் குறுக்கே போய், கடைசியில் ஒரு கூர்மையான திருப்பம் திரும்பினால்தான் அந்தப் பெரிய நாளத்துக்குள் நுழைய முடியும். ஆகவே இடப்பக்கம் போடும் குழாய் வலப்பக்கத்துக் குழாயைவிட நாலைந்து சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நுனி அந்தத் திருப்பத்திலேயே நின்று எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் உரசும். உரசிய இடம் தழும்பாகும், தழும்பு சுருங்கும், வழி அடைபடும். இடக்கையிலிருந்து திரும்பி வரும் ரத்தத்துக்கும் அதுதான் வழி.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அவர் பெயரை மாற்றி வசந்தி என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தேக்கா கடைத்தெருவில் ஒரு மாடிக் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, ரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியே ஆக வேண்டும் என்று நான்கைந்து மாதங்களாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது முடியட்டும் என்று உடம்போடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

உடம்பு பேரத்துக்கு ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து படுத்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. மருந்து கொடுத்துச் சற்று இறக்கினோம். ஆனால் அன்றைக்கே குழாய் போட்டுச் சுத்திகரிப்பைத் தொடங்கியாக வேண்டும். நான் தமிழில் பேசியதும் அவர் முகம் தெளிந்தது. அந்த வாரம் எங்கள் பிரிவில் இருந்த ஒரே தமிழ் டாக்டர் நான். அந்த முகத் தெளிவு எனக்கு எப்போதும் பிடிக்கும். அது ஒரு போதை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

குழாய் எங்கே வரும் என்று கேட்டார். கழுத்தில் நுழைந்து, தோலுக்கடியில் வந்து, காறை எலும்புக்குக் கீழே மார்பில் வெளியே தெரியும் என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தை இரண்டு விரலால் அளந்து பார்த்தார். அது தையல்காரர் கை. எந்தக் கழுத்து வெட்டில் எது தெரியும் என்று அதற்குத் தெரியும்.

"இங்க வந்தா எல்லாப் போட்டோவுலயும் தெரியும் டாக்டர். அந்தப் பக்கம் போட முடியாதா? முந்தானை மூடிக்கும்ல, யாருக்கும் தெரியாது."

தெரிந்தால் என்ன என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சம்பந்தி வீட்டுல தெரிஞ்சா, பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிருவேன்."

அன்றைக்கு என் இடத்தில் வேறொருவர் இருந்திருக்கலாம். என்னுடன் வேலை பார்த்த சீன டாக்டர் ஒருவர், நல்லவர், ஆனால் முந்தானை என்றால் என்னவென்று அறியாதவர். அவரிடம் இதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தால், பாவம் என்று சொல்லிவிட்டு வலப்பக்கமே போட்டிருப்பார். வசந்தியின் கை பிழைத்திருக்கும். எனக்கோ அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கழுத்தைப் பார்க்கும் கண்கள், சாப்பாட்டுப் பந்தியில் நடக்கும் விசாரணை, அத்தனையும். புரிந்துகொண்டதாலேயே நான் மற்றவர்களைவிட மேலான டாக்டர் என்று எனக்குத் தோன்றியது. சரி, இடப்பக்கமே போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

சிகிச்சை அறையில் எல்லாம் தயாராக இருந்தது. எங்களோடு பல வருடம் வேலை பார்த்த மலாய்க்காரத் தாதி ஒருவர், தட்டில் குழாய்ப் பெட்டியை வைத்தார். ஆனால் பிரிக்கவில்லை. அவர் பெட்டியைப் பிரிக்காமல் நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இடப்பக்கத்துக்கான நீளக் குழாய் கைவசம் இல்லை, இரண்டுதான் வாங்கி வைப்பார்கள், இரண்டும் அந்த வாரமே தீர்ந்துவிட்டன, செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். தட்டில் இருந்தது வலப்பக்கத்து நீளம். வலப்பக்கச் சிரை ஸ்கேனில் நன்றாகத் திறந்திருக்கிறதே டாக்டர் என்றும் சொன்னார். அவர் பழக்கப்படி அது கேள்வி. அது வலப்பக்கமே போடுங்கள் என்ற பதில் என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் நிற்கச் சொல்கிறேன் உங்களை. என் முன்னால் மூன்று சரியான வழிகள் இருந்தன. வசந்தியிடம் திரும்பிப் போய், வலப்பக்கம்தான் முடியும் என்று சொல்லியிருக்கலாம். தொடையில் ஒரு தற்காலிகக் குழாய் வைத்து, செவ்வாய்வரை சமாளித்திருக்கலாம். வேறு மருத்துவமனைக்குப் போன் செய்து ஒரு நீளக் குழாயை டாக்சியில் வரவழைத்திருக்கலாம். முதலாவதற்கு ஒரு நிமிடச் சங்கடம். இரண்டாவதற்கு அவருக்கு நாலு நாள் படுக்கை. மூன்றாவதற்கு எனக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். நான் கையுறையைப் போட்டுக்கொண்டுவிட்டேன். பரவாயில்லை, இவர் சின்ன உடம்புக்காரர், இது போதும் என்றேன்.

தாதி பெட்டியைப் பிரித்தார்.

திரையில் பார்த்தபோது நுனி திருப்பத்தைத் தாண்டியது போலத்தான் தெரிந்தது. மேசையில் படுத்திருக்கும் மனிதரின் படம் அது. மனிதர்கள் எழுந்து உட்காருவார்கள். உட்காரும்போது மார்பின் சதை கீழே இறங்க, குழாய் மேலே ஏறும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக. இரண்டு விரற்கடை ஏறினால் போதும், நுனி மறுபடியும் திருப்பத்துக்குள் வந்துவிடும். இதையும் நான்தான் அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கோப்பில் எழுதும்போது, இடப்பக்கம், நோயாளியின் வேண்டுகோளின்படி என்று எழுதினேன். குழாயின் நீளத்தை அதற்குரிய கட்டத்தில் சின்ன எண்ணாக எழுதினேன். இரண்டும் உண்மை. முதலாவதைப் பிற்பாடு எல்லோரும் படித்தார்கள். இரண்டாவதை யாரும் படிக்கவில்லை.

முதல் நாளிலிருந்தே இயந்திரம் முனகியது. ரத்தம் வேண்டிய வேகத்தில் வரவில்லை. வலப்பக்கம் சாயச் சொன்னோம், இருமச் சொன்னோம், குழாயின் இரண்டு வாய்களையும் மாற்றிப் பூட்டினோம். எப்படியோ ஓடியது. மூச்சு சீரானது, கால் வீக்கம் வடிந்தது, முகத்தில் களை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு குழாயை மாற்றிவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணம் காத்தோங் பக்கத்துக் கோயில் ஒன்றில். எனக்கும் அழைப்பு. போனேன். நான் போனது மணமக்களைப் பார்க்கவா, என் வேலையைப் பார்க்கவா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. கருநீலப் பட்டு, தானே தைத்த ரவிக்கை, முந்தானையை அடுக்கி ஊசி குத்தியிருந்தார். தாலி கட்டி முடிந்ததும் என்னிடம் வந்தார். காதருகே குனிந்து, "தெரியுதா டாக்டர்?" என்றார். கொஞ்சமும் தெரியவில்லை என்றேன். என் கையை அழுத்திப் பிடித்தார். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து ரொம்ப நல்ல டாக்டர் ஒருத்தியைப் போல வயிறாரச் சாப்பிட்டேன்.

அப்புறம் எல்லாமே ஓடுகிறதே என்று குழாயை மாற்றாமல் விட்டேன். ஓடுவதை நோண்டுவானேன் என்ற நினைப்பு. இரண்டு மாதம் கழித்து, வழக்கம்போல, வேலை செய்யாத கையில், அதாவது அவருடைய இடக்கையில், தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இணைப்பு முதிர்ந்து பெருத்துவிட்டால் கழுத்துக் குழாய் தேவையில்லை, கையிலேயே ஊசி குத்திச் சுத்திகரிக்கலாம். வலக்கை கத்தரிக்கோலுக்கு மிச்சம். வசந்திக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. இடக்கை ஆஸ்பத்திரிக்கு, வலக்கை கடைக்கு என்று தாதிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான்காவது மாதம் இடக்கை வீங்கியது. வளையலைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தார்கள். தோள்வரை வீக்கம், தோலில் நீல நிறத்தில் வலை வலையாகச் சிரைகள். கையிலிருந்து ரத்தம் திரும்பிப் போக வழியில்லை. சாயம் செலுத்திப் படம் எடுத்தபோது அந்தத் திருப்பத்தில் வழி நூலாகச் சுருங்கியிருந்தது. குழாய் நுனி முட்டிக்கொண்டிருந்த அதே இடம். பலூன் வைத்து விரித்தார்கள். ஆறு வாரத்தில் மறுபடி மூடியது. மறுபடி விரித்தார்கள், மறுபடி மூடியது. கடைசியில் அறுவை நிபுணர் இடக்கை இணைப்பைக் கட்டி மூடிவிட்டார். குழாயை வலக் கழுத்துக்கு மாற்றினோம். முதலிலேயே போயிருக்க வேண்டிய இடத்துக்கு அது ஒரு வருடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது.

மிச்சமிருந்தது வலக்கை. அதில் இணைப்பு வைத்தார்கள். சுத்திகரிப்புக்கு அருமையாக ஓடியது. ஆனால் விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் அது இழுத்துக்கொண்டது. விரல்கள் குளிர்ந்து வெளுத்தன, மரத்தன. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை. வலி குறைந்தது. நரம்புகள் முழுதாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. கொஞ்ச நாள் வெட்டுவதற்கு மட்டும் வேறொருவரை வைத்துப் பார்த்தார். பிறகு கடையைக் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. குழாயைவிட மோசமானது அதுதான்.

ஒரு நாள் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருக்கும்போது கட்டிலருகே என்னை நிறுத்திக் கேட்டார், முதலில் இடக்கை ஏன் அப்படி ஆனது என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தாளில் படம் வரைந்தேன். வலப்பக்கம் நேர், இடப்பக்கம் வளைவு, வளைவில் குழாய் உரசும், உரசினால் தழும்பு, சிலருக்கு இப்படி ஆகும் என்று பொறுமையாக, தெளிவாக, அழகான தமிழில் சொன்னேன். குழாய் குட்டை என்ற இடம் வந்தபோது என் வாய் அதைத் தாண்டிப் போய்விட்டது. வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாண்டிய கணம் எனக்குத் தெரியும்.

வசந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நான் கேட்டேன்னுதானே அந்தப் பக்கம் போட்டீங்க. என் தப்புதான் டாக்டர். அழகு பாத்தேன்."

நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்றேன். தோளைத் தட்டிய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

அதன்பின் ஐந்து வருடம் அவர் எங்களிடம் சுத்திகரிப்புக்கு வந்தார். புதிதாகச் சேரும் நோயாளிகளுக்கு, அதிலும் தமிழ்ப் பெண்களுக்கு, அவரே புத்தி சொல்வார். "டாக்டர் சொல்ற பக்கமே போட்டுக்குங்க லா. நான் சேலைக்காகப் பக்கம் மாத்திக் கேட்டு ரெண்டு கையையும் கெடுத்துக்கிட்டேன்" என்று வலக்கை விரல்களைத் தூக்கிக் காட்டுவார். நான் அடுத்த கட்டிலில் நின்று கேட்டிருக்கிறேன். இரத்த அழுத்தக் குறிப்பைப் பார்ப்பது போல நின்று, பார்த்து முடித்து, நகர்ந்திருக்கிறேன்.

நீளக் குழாய் போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சரியான நீளம் போட்டும் இடப்பக்கம் அடைபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வருடமும் தூங்கினேன். உங்களுக்கும் ஏதாவது ஒரு சந்தேகம் கிடைக்கும். கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அந்த நேரத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளி கேட்பதைக் கேட்க வேண்டும், ஆனால் தீர்மானம் நம்முடையது. அவர் கேட்டதை நாம் செய்தோம் என்பதற்காக நம் தப்பு அவருடையதாகிவிடாது. இன்னொன்று. வசந்தி ரவிக்கை தைப்பவர். வலப்பக்கம்தான் என்று அன்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தால், கழுத்தை ஏற்றி, வலத் தோளை மூடி ஒரு ரவிக்கையை ஒரே சாயங்காலத்தில் தைத்திருப்பார். இது எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆயிற்று. நான் அவரிடம் கேட்கவே இல்லை.

போன வருடம், நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில், இதயம் நின்று அவர் இறந்துபோனார். நான் மாலை அனுப்பினேன், போகவில்லை.

சின்ன ஊர் இது, யாரையும் நெடுநாள் தவிர்க்க முடியாது. இரண்டு மாதம் கழித்து, ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியான நேரம் உட்கார்ந்திருந்தேன். வசந்தியின் மகள் என்னைப் பார்த்துவிட்டு தன் தட்டோடு எதிரே வந்து அமர்ந்தாள். அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். என்னைப் பற்றி அம்மா எப்போதும் நல்லபடியாகச் சொல்வார் என்றாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர், ஸ்ட்ரெயிட்டா சொல்லுங்க. கடைசி வாரத்துல அம்மா என்கிட்ட சாரி சொன்னாங்க. உன் கல்யாணத்துக்காகப் பண்ணது, இப்ப உனக்கே பாரமாயிட்டேன்னு. என் கல்யாணத்தாலதான் அம்மா கை போச்சா?"

அந்தப் பெண் இதை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சொன்னேன். இடப்பக்கம் கேட்டது அம்மா, சம்மதித்தது நான். நீளக் குழாய் இல்லை என்று தெரிந்தும் குட்டைக் குழாயைப் போட்டது நான். நாலு நாள் காத்திருந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் பின் மாற்றியிருக்கலாம். உன் கல்யாணம் காரணமில்லை, உன் அம்மாவும் காரணமில்லை. எழுதி வைத்ததைப் படிப்பது போல எல்லாம் வரிசையாக வந்தது. அத்தனை வருடம் உள்ளே தயாராகத்தான் இருந்திருக்கிறது.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத அம்மாகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"அஞ்சு வருஷம் டாக்டர். வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம். அங்கேயேதானே படுத்திருந்தாங்க."

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து உள்ளே போனாள். நான் அவளுக்கு இன்னும் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கடைக்காரர் வந்து தட்டுகளை எடுக்கலாமா என்று கேட்டார். அந்தப் பெண் அப்போதே பின்வாசல் வழியாகப் போய்விட்டதாகச் சொன்னார்.